ஆமெனுக்கு முன்பே எழுந்து போன அம்மா

சித்தப்பா, அம்மாவின் அடக்க ஆராதனையில் நீங்கள் சொன்னது அநியாயம். "எங்க அண்ணி ஒரு ஜெபத்துக்கு ஆமென் வரைக்கும் இருந்தது இந்தப் பெட்டிக்குள்ள வந்தப்பறந்தானுங்க" என்றீர்கள். சிலர் சிரித்தார்கள். நான் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தேன். அன்று பேச வாய் வரவில்லை. இந்த முதலாண்டு நினைவு மலர் உறவுக்காரர் எல்லார் கைக்கும் போகும் என்பதால் இதில் பேசுகிறேன்.

அம்மா பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். கல்யாணமாகி முதலமடைக்கு வந்தார். அப்பா மாங்காய் லாரி ஓட்டினார். அம்மா தோப்புக் கொட்டகையில் காய் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கினார். கை வேலை செய்யும், உதடு அசைந்துகொண்டே இருக்கும். "யாருகூட அக்கா பேசறீங்க?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால், "மொதலாளிகூட. இந்தத் தோப்பு மொதலாளி இல்ல, மேல இருக்கறவரு" என்பார்.

பிறகு அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அம்மா தினமும் விடியலில் முழங்காலில் நின்று கேட்டார். அப்பா எழவில்லை. ஒரு கோடையில் இறந்து போனார். எனக்கு ஆத்திரம்.

"இத்தன ஜெபிச்சு என்னத்தம்மா கண்டீங்க?" என்று கேட்டேன்.

"உங்கப்பா எந்திரிச்சு நடக்கோணும்னுதான் கேட்டேன் கண்ணு. அவரு குடுக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு நாளும் நா ஒருத்தியா உங்கப்பாவத் தூக்குனதில்ல."

அது உண்மை. பக்கத்து வீட்டு முருகேசண்ணனும் அவர் மனைவி சரோஜா அக்காவும் வந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பார்கள், குளிப்பாட்டுவார்கள். அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வந்ததையே ஆண்டவர் கொடுத்த பதிலாக அம்மா எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மாவின் ஜெபம் மாறியது. கேட்பது குறைந்தது. "நாம சொல்றத அவரு கேட்டுக்கறாரு. அவரு சொல்றத நாம எப்பக் கேக்கறது?" என்பார். ஜெபம் எதற்கு என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி நடக்கும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். பாய் விரித்து உட்காருவோம். யாருக்கு என்ன கஷ்டம் என்று ஜெபக் குறிப்பு சொல்வோம். சபை மூப்பர் என்ற முறையில் நீங்கள் ஜெபிப்பீர்கள் சித்தப்பா. எல்லாரும் கண்ணை மூடியிருப்போம். ஒரு வாரம் எங்கள் வீட்டில் கூட்டம். முருகேசண்ணன் மாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கொல்லங்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதைக் குறிப்பாகச் சொன்னோம். நீங்கள் உருக்கமாகத்தான் ஜெபித்தீர்கள், நீளமாகவும் ஜெபித்தீர்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அம்மா இருந்த இடம் காலி.

"அண்ணி அடுப்புல பாலு வெச்சுட்டு வந்திருப்பாங்க" என்றீர்கள் சித்தப்பா. அன்றும் சிரித்தார்கள்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. அம்மா பஸ் ஏறிவிட்டார். ஆஸ்பத்திரியில் சரோஜா அக்கா பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாராம். அவரைச் சாப்பிட வைத்து, படுக்க வைத்து, முருகேசண்ணனுக்கு அம்மா காவல் இருந்தார். மறுநாள் திரும்பி வந்தபோது நீங்கள் வாசலிலேயே பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏனுங்க அண்ணி, ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போறது ஆண்டவருக்கு மரியாதைங்களா?"

"நீங்க அவருகிட்டப் பேசீட்டிருந்தீங்க தம்பி. அவரு எங்கிட்ட, 'நீ கெளம்பு'ன்னுட்டாரு. நடுவுல நா என்னத்தச் சொல்றது?"

அதற்குப் பிறகும் அம்மா பல கூட்டங்களில் பாதியில் எழுந்து போனார். எந்த வீட்டுப் பெயர் ஜெபத்தில் வந்ததோ அந்த வீட்டுக்குத்தான் போனார். அந்த அம்மாவுக்குப் பிள்ளையாகப் பிறந்ததில் எனக்குத் தலைநிமிர்ந்த பெருமை உண்டு.

கடைசி மாதங்களில் அம்மாவால் நடக்க முடியவில்லை. சரோஜா அக்காதான் மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டினார். முருகேசண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு தினமும் வந்து கால்மாட்டில் உட்காருவார். அம்மா உதடு அசைய அசையவே போய்ச் சேர்ந்தார்.

அவர்கள் இருவருக்கும், குழி வெட்டிய தோப்புக்காரப் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்த போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சொந்த வண்டியில் சவப்பெட்டி கொண்டு வந்து இறக்கியவர் நீங்கள் சித்தப்பா. அதற்கும் நன்றி. அதை நான் மறைக்கமாட்டேன்.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை சித்தப்பா. ஆமென் என்றால் 'அப்படியே ஆகட்டும்' என்று எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். நினைவு நாள் ஜெபத்தை நடத்தப் போவதும் நீங்கள்தான். முருகேசண்ணனும் சரோஜா அக்காவும் முன்வரிசையில் இருப்பார்கள். நான் உட்கார வைப்பேன். ஜெபத்தை ஆரம்பிக்கும் முன் அவர்கள் முகத்தைப் பார்த்து, சபையார் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: முருகேசண்ணனுக்காக அன்று ஆமென் சொன்ன பிறகு, அவரை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தீர்களா?