எந்த ஊர் ராகு காலம்?

கல்யாணத் தகவல் மையத்தில் வேலை பார்க்கிறவர்கள் எந்த அதிர்ச்சியையும் முகத்தில் காட்டக் கூடாது. பையனுக்கு முன்மண்டை முழுக்கக் காலி என்றாலும், பெண் ஏற்கெனவே வேறொருவனைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்றாலும், "நல்லதே நடக்கும் சார்" என்று சிரிக்க வேண்டும். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருக்கும் ஒரு மையத்தில் பல வருஷமாக நான் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் கணவர் ரவிக்கு அந்தமானுக்கு மாற்றல் வந்தது. அதுவும் போர்ட் பிளேயரில் இறங்கி, இன்னொரு கப்பல் பிடித்துப் போக வேண்டிய ஒரு பொட்டுத் தீவுக்கு. வேலையை விட மனசில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத புருஷனைத் தனியாக அனுப்பவும் மனசில்லை. மையத்தை நடத்தும் மேடத்திடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். அங்கிருந்தே வீடியோவில் வேலை பார்க்கச் சம்மதித்தார். அலுவலகச் சுவரை அப்படியே படம் எடுத்து, பிள்ளையார் காலண்டர் உட்பட, ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனராக அடித்தும் கொடுத்தார். அதை நாற்காலிக்குப் பின்னால் கட்டிவிட்டால் நான் மயிலாப்பூரில் இருக்கிறேன் என்று அர்த்தம்.

கடற்கரை, தென்னை மரம், மடியில் லேப்டாப் என்று படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடும் சக பாவிகளே, கிளம்பும்போது மேடம் சொன்னதை மட்டும் கேளுங்கள்: "அந்தமான்னா ஜனங்க ஜெயிலுன்னுதான் நினைப்பாங்க. நீ அங்க இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாது. உன்னால வரன் கெட ஆரம்பிச்சா, மறுநாளே நீ இங்க வந்து சீட்ல உட்காரணும். ரவி அங்க, நீ இங்க. சரியா?"

ஆதம்பாக்கத்து வெயில்

அந்தமானில் சூரியனுக்கு நம்மூர் ஒழுங்கு கிடையாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடிகாரம் மட்டும் இந்தியா முழுக்க ஒன்றுதான். சூரியனோ நாம் புரண்டு படுக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது, நாம் டிகாக்‌ஷன் இறக்கும் நேரத்தில் போய்விடுகிறது.

முதல் வாரமே, ஒரு மாலை, ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி வீடியோவில் வந்தார். மகளுக்கு வரன் தேடுகிறார். அவர் மொட்டை மாடியில் வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் பேசப் பேச என் பக்கம் இருட்டிக்கொண்டே வந்தது. எழுந்து போய் விளக்கைப் போட்டால், கரண்ட் இல்லை. கடைசியில் திரையில் என் பற்கள் மட்டும்தான் தெரிந்தன. "பக்கத்துல பெரிய பில்டிங் சார், வெளிச்சத்தை மறைக்குது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். என் பற்களைப் பார்த்தார். "ஏம்மா, ஆதம்பாக்கத்துல வெயில் மண்டையப் பொளக்குது, மயிலாப்பூர்ல மட்டும் ராத்திரியா?"

பேனருக்குப் பின்னால் இருந்தவர்

ராயப்பேட்டையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர், தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஜாதகம் கொடுத்தாலும் ஒரு சகுனத்தைச் சொல்லித் தட்டிக் கழிப்பார். அன்றைக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லி வாயை மூடவில்லை, என் முதுகுக்குப் பின்னால் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். பேனருக்குப் பின்னால் பல்லி. நம்மூர்ப் பல்லி என்று நினைத்துவிடாதீர்கள். இது கிளிப்பச்சை நிறத்தில், பிள்ளையார் காலண்டருக்கு மேலே தலையை நீட்டி, என்னையே மேலதிகாரி மாதிரி பார்த்தது. நான் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடினால் பேனர் விழும். பேனர் விழுந்தால் நானும் ரவியும் ஆளுக்கொரு ஊர்.

நல்லவேளை, அவருக்குப் பல்லி தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. எந்தத் திசை என்று கேட்டார். கிழக்கு என்றேன். உடனே ஒத்துக்கொண்டு, பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லச் சொன்னார்.

"எங்க ஊட்டாண்ட கீற பல்லி ஆறு மாசமா வாயே தொறக்கலமா. உங்க ஆபீஸ் பல்லி இன்னாமா சொல்லுது, மைக் வச்சா மாதிரி!"

திறந்த வாய்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. தி. நகரில் ஓர் அம்மா. அவருடைய பெண் ஒரு டாக்டர். எல்லாம் பொருந்தி, நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. "பையனைப் பத்தி நீங்க விசாரிச்சீங்களே, எப்படி? மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்று கேட்டார். தங்கமான பையன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நொடியில் இன்டர்நெட் நின்றுவிட்டது.

எங்கள் தீவுக்கு இன்டர்நெட் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில்தான் வருகிறது. வழியில் எங்கே உட்கார்ந்து இளைப்பாறுமோ தெரியாது. நான் மோடத்தைத் தட்டி, வாசலுக்கு ஓடி, போனைத் தூக்கிப் பிடித்து என்னென்னவோ செய்தேன். அதுவரை அந்த அம்மாவின் திரையில் என் முகம் அசையாமல் நின்றிருக்கிறது. பாதி மூடிய கண், கோணிய வாய், தூக்கிய ஒரு கை. அதை அவர் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். எனக்கும் அனுப்பினார். பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த முகத்தைப் பார்த்தால் பையன் ஒரு கொலையாவது செய்திருப்பான் என்றுதான் யாருக்கும் தோன்றும். லைன் வந்த பிறகு நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை.

வரன் கெட்டது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் மேடம் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது: "ஒண்ணு போச்சு மாலதி. விட்டுட்டேன். இன்னொண்ணு போச்சுன்னா நான் போன் பண்ண மாட்டேன், டிக்கெட்டுதான் அனுப்புவேன்."

ஆபீஸ் போகாத மாப்பிள்ளை

கே.கே. நகர்க்காரர் ஒருவரின் மகளுக்கு எல்லாம் பொருந்திய ஒரு பையனைச் சொன்னேன். கை நிறையச் சம்பளம், கெட்ட பழக்கம் இல்லை, வீட்டிலிருந்தே வேலை. கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போனது. திரையில் தெரியும் பாதிக்குப் பட்டுக் குர்தாவும் தெரியாத பாதிக்கு ரவியின் பழைய லுங்கியுமாக, காலடியில் ஊர்ந்த நண்டைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு பொறுப்பானவர்கள் என்று விளக்கினேன்.

அவர் கடைசிவரை அசைந்து கொடுக்கவில்லை: "காலையில டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வாசல் தாண்டாதவனுக்கு வேலை இருக்கா, வேலை போயிடுச்சான்னு நாங்க எதை வச்சும்மா கண்டுபிடிக்கிறது?"

கமலா மாமி

மயிலாப்பூரில் கமலா மாமியைத் தெரியாத கல்யாண மையம் கிடையாது. அவர் திருப்தியாகிவிட்டால் பத்துக் குடும்பத்தை அனுப்புவார். அதிருப்தியானால் இருபது குடும்பத்தைத் தடுப்பார். பிள்ளைக்கு வரன் வேண்டும் என்று எங்களிடம் வந்திருந்தார். ராகு காலத்தில் கல்யாணப் பேச்சை எடுக்கவே கூடாது என்பது அவருடைய சட்டம். காலண்டரில் அச்சடித்த ராகு காலம் அவருக்குப் போதாது. அன்றன்றைக்குச் சூரியன் உதித்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டு, நான் எப்போது கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அடையாறில் ஒரு பெண் அமைந்தாள். மாமிக்குப் பிடித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்த பிறகு, மாமி சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. நான் கூப்பிட்டேன். மாமி தொண்டையைக் கனைத்தார். அப்போது என் நாற்காலி நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது. மேஜை ஆடியது. நிலநடுக்கம். அந்தமானில் இது அடிக்கடி வரும் என்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் தடவை. பேனர் அறுந்து என் தலையில் விழுந்தது. போனைக் கையில் பிடித்தபடியே "ஐயோ அம்மா" என்று வாசலுக்கு ஓடினேன்.

ஆட்டம் நின்றது. போனைப் பார்த்தால் மாமி அதில் இன்னும் இருக்கிறார். என் தலைக்குப் பின்னால் தென்னை மரங்கள், அதற்கும் பின்னால் நீலமாகக் கடல், இடுப்பில் லுங்கி. இனி மறைக்க ஒன்றுமில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தீவு, ரவி, மேடத்தின் நிபந்தனை, எல்லாம். மாமியின் முகம் வெளிறிப்போனது. பூமி ஆடியதற்காக என்று நினைத்தேன். பொய் சொன்னதற்காக என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அடிப்பாவி! சூரியன் அங்க முன்னாடியே வந்துடுமேடி! அப்போ இத்தனை நாளா நீ பேசினதெல்லாம் எந்த ஊர் ராகு காலம் பாத்து?"

மாமியின் தீர்ப்பு

மாமி போனை வைத்துவிட்டார். அந்த வார இறுதியில் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். ரவி அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். டிக்கெட்டுக்காகக் காத்திருந்தேன்.

திங்கட்கிழமை மாமிதான் கூப்பிட்டார். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு முழுசாகக் கணக்குப் போட்டிருக்கிறார். அடையாறுப் பெண்ணைப் பற்றி நான் முதன்முதலில் பேச்செடுத்த நேரம் மயிலாப்பூருக்கு நல்ல நேரம், தீவுக்குச் சரியான ராகு காலம். ஆனால் மாமிக்கு அந்தப் பெண் வேண்டும். அதனால் தோஷம் நான் இருக்கும் இடத்தோடு நின்றுவிட்டது, கேட்ட இடத்துக்கு வரவில்லை என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அத்தோடு விட்டாரா? மங்கலமான வெள்ளிக்கிழமை காலையில் தீவில் ராகு காலம் முக்கால் மணி நேரம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே மயிலாப்பூரில் காத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, நான் அங்கிருந்து பேச்சை ஆரம்பித்தால் அது நல்ல நேரம்தான் என்றும் கண்டுபிடித்திருக்கிறார். ராகு காலம் பேசுகிறவர்களுக்கா, கேட்கிறவர்களுக்கா மாமி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அசடே, கெட்டது கடலைத் தாண்டி வராது. நல்லது மட்டும்தான் லைன்ல வரும்."

மாற்றல்

மாமி இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டதில், அதற்குப் பிறகு மயிலாப்பூரில் நான் பிரபலம்; மேடமும் டிக்கெட்டை மறந்துவிட்டார். "அந்தமான் பொண்ணையே பேசச் சொல்லுங்கோ" என்று கேட்டு வாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. பேனரைக் கழற்றி, தேங்காய் விழுந்து ஓட்டையான கூரைக்குப் போட்டுவிட்டோம். பெட்டியிலிருந்த துணிகள் திரும்ப அலமாரிக்கு வந்தன. ரவியும் நானும் சாயங்காலங்களில் கடற்கரையில் நடந்தோம். இவ்வளவு சந்தோஷம் நமக்கு ஆகாதே என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

போன வாரம் ரவிக்குச் சென்னைக்கே மாற்றல் வந்துவிட்டது. குதித்துக்கொண்டு மேடத்துக்குப் போன் போட்டேன். பழைய சீட்டுக்கே வந்துவிடுகிறேன், இனி மோடமும் இல்லை, பல்லியும் இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் மேடம் காலண்டரைப் புரட்டுவது கேட்டது. லைன் இந்தத் தடவை தெளிவாகத்தான் இருந்தது.

"ரவி வரட்டும்மா, நல்ல விஷயம்தான். ஆனா நீயும் கிளம்பி வந்துட்டா, வெள்ளிக்கிழமை காலையில அங்க யாரு இருப்பா?"

ஊரிலுள்ள ஜோடிகளையெல்லாம் சேர்த்து வைக்கிற எங்கள் மையம், அதில் வேலை பார்க்கிற என்னை மட்டும், நான் கடலுக்கு எந்தக் கரையில் இருந்தாலும், புருஷனோடு சேர்ந்து இருக்க விடுவதில்லை.