மழைக்குக் காத்திருந்த மாப்பிள்ளை

எழுபதுகளில் மதுரையில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த எனக்கு மழை என்பது குடை சம்பந்தப்பட்ட விஷயம், அவ்வளவுதான். பெண் நிச்சயமான பிறகுதான் அது கல்யாணம் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தது.

மாமனாருக்குத் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே மானாவாரி நிலம். கிணறு, கால்வாய் எதுவும் கிடையாது. புரட்டாசியில் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டியது. நிச்சயதார்த்தத்தன்று சபையில் சொல்லிவிட்டார்: “தையில அறுத்து, என் வயல் அரிசியிலதான் கல்யாணப் பந்தி. கடையரிசி போட்டுப் பொண்ணக் குடுக்கிற வீடு இல்ல இது.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முகூர்த்தத்தை மேகத்திடம் ஒப்படைத்துவிட்டார் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. நான் டைப் அடிப்பதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு நடையாய் நடந்தேன். பக்கத்து மேஜைக்காரன் விடுவானா?

“என்ன மாப்ள, பொண்ணு மேகத்துலயா எறங்குது?”

கார்த்திகை பாதியில்தான் கொட்டியது. சந்தோஷத்தில் மொட்டை மாடியில் நின்று நனைந்து, காய்ச்சலில் படுத்தேன். நான் எழுந்தபோது மழை படுத்துவிட்டது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு சொட்டு இல்லை. மாசியில் அறுத்தார்கள், பாதி பதர். அந்த வருஷக் கோளாறு என்றுதான் நினைத்தோம். பின்வந்த வருஷங்களில் மழை பிந்துவதே வழக்கமாகிவிட்டது. தன் அடுத்த இரண்டு பெண்களின் நிச்சயத்தில் மாமனார் அரிசியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த மாசியில் கிடைத்த அரிசி எங்கள் கல்யாணப் பந்திக்குக் காணாது. கல்யாணத்தை அடுத்த அறுப்புக்குத் தள்ளலாமா என்று அவர் யோசிப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன்.

“மாமா, கடையில கொஞ்சம்...”

“அந்தப் பேச்சே வேணாம் மாப்ள.”

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்பா, மொதக் கை நம்ம அரிசி, மிச்சம் கடையரிசி. இன்னொரு மழைக்காலம் நனைஞ்சா அவரு தேற மாட்டாரு.”

வருங்கால மனைவி எனக்காகப் பேசிய முதல் வார்த்தை அது. பங்குனியில் கல்யாணம்.

பந்தியில் எல்லா இலையிலும் ஒரு கை சிவப்பரிசிச் சோறு, பக்கத்தில் மல்லிகைப்பூப் போலக் கடைச்சோறு. என் இலைக்கு மட்டும் மாமனார் காவல் நின்றார்.

“மாப்ளைக்குக் கடையரிசி படக் கூடாது. மூணு தடவையும் நம்ம சோறே வைங்கப்பா!”

தண்ணீர் காணாமல் விளைந்த அரிசி. பல்லோடு மல்லுக்கு நின்றது. பக்கத்து இலையில் அவள் கடைச்சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“நல்லா மென்னு சாப்பிடுங்க. இதுக்குத்தான இம்புட்டு நாளும் மேகத்தப் பாத்தீங்க?”