சைப்பிரஸ் வேலிக்குக் கவ்வாத்து

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஹட்டன்தான் பெரிய பட்டணம். ரயில், பஸ், கடைத்தெரு, மாடிக் கட்டடம் எல்லாம் அங்கேதான் இருந்தன. அங்கே குடிவந்த பிறகு நான் முதலில் தேடியது விறகைத்தான்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், விறகுக்குக் கவலைப்பட்டதில்லை. தேயிலைச் செடிகளைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதைத்தான் கவ்வாத்து என்போம். வெட்டிப் போட்ட மிளாறுகளைக் கட்டித் தலையில் சுமந்து வந்தால் பல மாதம் அடுப்பெரியும். காய்கறித் தோல் லயத்துக்குப் பின்னால் இருந்த பாத்தியில் மக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் கீரைக்குப் போகும். எதை எங்கே போடுவது என்று யோசித்ததேயில்லை. பட்டணத்தில் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. விறகைக் கடையில் வாங்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். தோலைக் கொட்ட இடமில்லாமல் எல்லோரும் ரோட்டோரக் கானில், சாக்கடையில்தான், கொட்டினார்கள். கான் அடைத்துக்கொண்டது, எலி வந்தது.

இப்போது பட்டணத்தில் இருப்பவர்கள் ஒன்றையும் வீணாக்காமல் வாழ வேண்டும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். நல்ல விஷயம்தான். அதை வாசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இடுப்பு வலி.

எங்கள் மகளின் படிப்புக்காகத்தான் பட்டணத்துக்கு வந்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வேலை நாளும் குறைந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஹட்டனில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. எனக்குச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் காய்கறி நறுக்கும் வேலை. பஸ் நிலையத்துக்குப் போகிற ரோட்டோரம், வீட்டுக்காரம்மா ஒருவரின் வீட்டை ஒட்டி வரிசையாக அறைகள் இருந்தன. அதில் ஒன்றைக் குறைந்த வாடகைக்குத் தந்தார். பட்டணத்தில் வேறு எங்கே கேட்டாலும் அந்த வாடகைக்கு இடமில்லை. அந்த அறை போனால் மகளின் பள்ளிக்கூடமும் போகும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், பேசிக்கொள்ளமாட்டோம்.

முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். பெண்கள் அங்கேதான் குளிக்க வேண்டும். முற்றத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சைப்பிரஸ் வேலி. நான் கூச்சப்படுகிற ஆள். கடைக்குப் போனால்கூட என்ன வேண்டும் என்று சொல்ல எனக்கு நேரமெடுக்கும். அந்த வேலி இருந்ததால்தான் என்னால் அங்கே குளிக்க முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். வேலி தன் வீட்டு ஜன்னலை மறைக்கிறது, வீட்டுக்குள் இருட்டாக இருக்கிறது என்றார்.

"நீங்க தோட்டத்துல கத்தி புடிச்ச ஆளுதானே. நான் மகளப் பாக்க கண்டிக்குப் போறேன். வர்றதுக்குள்ள நல்லா வெட்டி வுட்டுருங்க."

"அதுக்கென்னங்கம்மா, செஞ்சிருவோம்," என்றார் இவர்.

இவர் தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். மூட்டை தூக்க வந்த பிறகு அந்தக் கத்தியை எடுக்க வாய்ப்பே வரவில்லை. சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துத் தீட்டினார். நான் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டேன். சாயந்தரம் வரும்போது ரோட்டிலிருந்தே எங்கள் அறைக் கதவு தெரிந்தது. கொடியில் காய்ந்த என் சேலை தெரிந்தது. குழாய் தெரிந்தது.

வேலி முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருந்தார். ஒரே மட்டம். ஒவ்வொரு வெட்டும் மழைத்தண்ணீர் தங்காதபடி சாய்வாக, ஒரு நார்கூடக் கிழியாமல் இருந்தது. தோட்டத்தில் என்றால் கணக்கப்பிள்ளை நின்று பார்த்துப் பாராட்டியிருப்பார்.

"ஏங்க, இம்புட்டும் வெட்டிட்டீங்களே," என்றேன்.

"நல்லா வெட்டச் சொன்னாங்கள்ல? வயசான மரம் புள்ள. அடியோட எடுத்தாத்தான் புதுசா வரும். பாரு, எப்பிடித் துளுக்குதுன்னு."

பக்கத்து அறையில் ஒரு தையல்காரர் குடும்பம் இருந்தது. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, இது எத்தனாம் நம்பர் மலை?"

தோட்டத்தில் தேயிலை மலைகளுக்கு நம்பர் உண்டு, இவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. "மூணாம் நம்பர்," என்று சிரித்தார்.

"நாளைக்கி பெரட்டு எத்தன மணிக்கிங்க? நானும் பேர் குடுக்கணும்," என்று தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதைச் சொல்லிக் கிண்டலடித்தார்.

சிரிப்பு அன்றோடு முடிந்தது. கண்டியிலிருந்து வந்த வீட்டுக்காரம்மா கேட்டைத் திறக்காமலேயே முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கல்யாணத்துக்கு இருந்த இன்னும் இரண்டு பெண்கள் வீட்டில் இருந்தார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்ப்பா, மேல வெட்டச் சொன்னா மொட்டையடிச்சு வச்சிருக்கீங்க."

"துளுத்துரும்ங்கம்மா. தேயில வெட்டுனா பாக்க இப்பிடித்தான் இருக்கும். மூணு மாசத்துல பச்சையாயிரும்."

"இது தேயிலையா?" என்றார் அந்த அம்மா. "தைப்பொங்கலுக்குள்ள ரோட்டுல போறவன் கண்ணுக்கு என் முற்றம் தெரியக்கூடாது. தெரிஞ்சிச்சின்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

அது மழைக்காலம் முடிகிற நேரம். இவர் வேலைக்குப் போகுமுன் தினமும் குனிந்து குனிந்து ஒவ்வொரு கட்டையாகப் பார்ப்பார். வெட்டிய கிளைகளைத்தான் நாங்கள் எரித்தோம். சைப்பிரஸ் விறகு படபடவென்று வெடிக்கும், பிசின் வாடை சோற்றில் ஏறும், சட்டி அடியில் கரி அப்பும். விறகு வாங்காமல் அத்தனை நாள் சமைத்தது அங்கே வந்ததிலிருந்து அப்போதுதான். பெண்கள் எல்லோரும் குழாயைச் சுற்றிச் சாக்குக் கட்டிக் குளித்தோம். காற்றடித்தால் சாக்கு தூக்கும். நான் வெளிச்சம் வருமுன் குளித்தேன், அந்தக் குளிரில்.

தேயிலைக் கட்டையை நகத்தால் சுரண்டினால் தோலுக்கடியில் பச்சை தெரியும். நான் ஒருநாள் யாரும் இல்லாதபோது சைப்பிரஸ் கட்டைகளைச் சுரண்டிப் பார்த்தேன். முதல் கட்டையில் பழுப்பு. அடுத்ததிலும் பழுப்பு. வரிசை முடியும்வரை சுரண்டினேன். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்க்கிற குணம் தேயிலைக்கு உண்டு, இதற்கு இல்லை. இவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுரண்டிய தடத்தை இவரே பார்த்திருக்க வேண்டும். அன்று இரவு சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"திரும்பத் தோட்டத்துக்குப் போனா அந்த லயத்துக் காம்பரா குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

மகள் விளக்கடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது. தலையை அவள் நிமிர்த்தவில்லை.

"போஞ்சி போடுவோம்ங்க," என்று பீன்ஸ் கொடியைச் சொன்னேன். "கட்டைக்கி கட்ட கம்பு கட்டி ஏத்தி வுட்டா மறைக்கும்."

"போஞ்சியா வேலி?"

"வேற என்னா இருக்கு, பொங்கலுக்குள்ள வளர்றதுக்கு?"

காலையில் இவர் கட்டைகளுக்கு நடுவில் மண்ணைக் கொத்திவிட்டு வேலைக்குப் போயிருந்தார். மண் வெறும் செம்மண். சைப்பிரஸ் வேர் எல்லாச் சத்தையும் குடித்திருந்தது. அதில் ஒன்றும் முளைக்காது.

சாப்பாட்டுக் கடையில் நான் நறுக்குகிற கோவா, கரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றின் தோலும் கானுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்க எனக்கு மூன்று நாள் தைரியம் வரவில்லை. கடைசியில் சமையல்காரரிடம் கேட்டேன்.

"தோலா? மாடு வளக்குறீங்களா?"

"இல்லங்கண்ணே. வேலிக்கி."

"வேலிக்கித் தீனியா," என்றார். அன்றிலிருந்து கடையில் என் பெயர் வேலிக்காரி. உரப் பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வருவேன். நாள் முழுவதும் நின்று நறுக்கிவிட்டு, தோல் சாறு கழுத்தில் வடிய, மேட்டில் ஏற வேண்டும். எதிரில் தெரிந்தவர்கள் வந்தால் ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவேன். வந்து பள்ளம் தோண்டித் தோலைப் போட்டு, அடுப்புச் சாம்பல் தூவி, மண் போட்டு மூடுவேன். மூடாவிட்டால் எலி.

அப்போது மழை விட்டுவிட்டது. குழாயில் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். செடிக்கு நல்ல தண்ணீர் எடுத்தால் சண்டை வரும். அரிசி கழுவுகிற தண்ணீரையும் துணி அலசுகிற கடைசித் தண்ணீரையும் கொட்ட வேண்டாம் என்று மற்ற அறைக்காரர்களிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. பழைய வாளி ஒன்றைக் குழாயடியில் வைத்தேன், அவ்வளவுதான். தையல்காரரின் மனைவிதான் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது யாரு வாளி?"

"எங்க வாளிதாங்க."

"இதுல என்னா ஊத்தணும்? வாயத் தொறந்து சொன்னா என்னா, முத்தா கொட்டிரும்?"

சொன்னேன். அவர் உடனே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அரிசி கழுவுன தண்ணிய கான்ல ஊத்துறவங்க சாக்குக்குள்ளயே குளிங்க சாகுறவரைக்கும்," என்று கத்திச் சொன்னார். அன்று சாயந்தரம் வாளி நிறைந்திருந்தது.

போஞ்சி முளைத்தது. முதலில் வந்தவற்றைக் கோழி கொத்தியது, மறுபடி போட்டோம். இவர் லீவு நாளில் காட்டுப் பக்கம் போய்க் கம்பு வெட்டி வந்து கட்டைகளில் இறுக்கிக் கட்டினார். அதிலும் மட்டம் பார்த்தார். கொடி ஏறியது, ஆனால் இலை நெருக்கமாக இல்லை. பொங்கல் நெருங்க நெருங்க நான் ராத்திரியில் எழுந்து எங்கே இடைவெளி என்று மனதில் எண்ணிக்கொண்டிருப்பேன். பகலில் கண் எரியும். ஒருநாள் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். போகச் சொல்லிவிட்டால் போய்விடுவோம், இந்த மூட்டை சுமக்கிறதாவது நிற்கும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். மகளின் சீருடையை மடிக்கும்போது அந்த நினைப்பு வந்தது. மடித்து வைத்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றப் போனேன்.

பொங்கலன்று காலை வீட்டுக்காரம்மா கையில் பொங்கல் சட்டியோடு வந்தார். அதை என்னிடம் தந்துவிட்டு நேராக ரோட்டுக்குப் போனார். எங்களையும் மற்ற அறைக்காரர்களையும் முற்றத்தில் நிற்கச் சொன்னார். ரோட்டில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாக நடந்தார். நின்றார். குனிந்தார். இலைகளுக்கு அப்பால் அவருடைய பச்சைச் சேலை துண்டு துண்டாக அசைவது தெரிந்தது. எங்களுக்கு அவர் தெரிந்தால் அவருக்கு நாங்கள் தெரியாமலா இருப்போம் என்று நினைத்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழாய்க்கிட்ட யாராச்சும் நில்லுங்க," என்று ரோட்டிலிருந்து குரல் வந்தது.

யாரும் நகரவில்லை. நான்தான் போய் நின்றேன். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத குழாய்க்குக் கீழே.

வெகு நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். "ஆளு நிக்கிது தெரியுது. யாருன்னு தெரியல," என்றார். ஒரு போஞ்சிக் காயைப் பறித்து ஒடித்துப் பார்த்தார். "ஆனா இது காஞ்சுபோற கொடிதானே. காஞ்சா?"

இவர் வாயைத் திறக்கப்போனார். மறுபடியும் துளிர்க்கும் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அந்த அம்மாவிடம் வாடகைக் காசு தருவது தவிர நான் பேசியதேயில்லை.

"காயிறதுக்கு முன்னுக்கு அடுத்தத போட்டு ஏத்திருவோம்ங்கம்மா," என்றேன்.

"யாரு போடுவா?"

"நான்தாங்க."

"மகளுக்கு இன்னும் எத்தன வருசம் படிப்பிருக்கு?"

சொன்னேன்.

"அத்தன வருசமும்?"

"ஆமாங்க."

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். போகும்போது, "காய்ல எனக்கும் கொஞ்சம் குடு," என்றார். தையல்காரர் மெதுவாக, "அண்ணே, அக்காவுக்குக் கங்காணி வேல கெடச்சிருச்சு," என்றார். இவர் சிரிக்கவில்லை. மகள் அறைக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டுக் கடைக்கு லீவு. இவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"இன்னக்காச்சும் செத்த படு, புள்ள. எடந்தான் தந்துட்டாங்கள்ல."

நான் வாசலில் உட்கார்ந்து வேலியைப் பார்த்தேன். அடிக் கொடியில் இரண்டு இலை மஞ்சளாகியிருந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, விதைப் போஞ்சியை ஊறப்போட எழுந்தேன்.