உதிரிப்பழம் பொறுக்கிய கை

வன்னியம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் முன்பு தென்னை நின்றது. வெள்ளை ஈ விழுந்து ஓலையெல்லாம் கறுத்துப்போனதும், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த என் கணவர் அத்தனையையும் எடுத்துவிட்டு எண்ணெய்ப்பனை வைத்தார். எனக்குச் சம்மதமில்லை. ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் வாங்குகிறவர்கள் அதன் மரத்தை வேறு கட்டி அழ வேண்டுமா என்று கேட்டேன். முதல் மூன்று வருடம் மரம் விட்ட பாளைகளையெல்லாம் அவரே அறுத்துப் போட்டார். அப்போதுதான் தண்டு பருக்குமாம். காய்க்க வந்ததை வெட்டுகிற மனிதரிடம் என்ன பேசுவது என்று நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு காய்த்தது. மட்டை இடுக்குகளில் பலாப்பழம் பருமனில் குலைகள். ஒவ்வொன்றிலும் பாக்கு அளவில் நெருக்கியடித்துக்கொண்டு செம்பழங்கள். நாலைந்து பழம் தானாக உதிர்ந்தால் குலை வெட்டுக்குத் தயார். வெட்டியதை உடனே ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும். கிடந்தால் எண்ணெய் கெட்டுவிடும். உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம் என்பதால் அதை விடவும் முடியாது. பொறுக்குவது என் வேலை. அந்தப் பழத்துக்கு எலியும் வரும்.

"எலி வந்தா பொறவு என்ன வரும்னு தெரியாதா?" என்று ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன்.

அன்று காலை வெட்டுக்காரர் குலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். வண்டியில் பாதி பாரம் ஏறியிருந்தது. நான் ஒரு மரத்தடியில் காய்ந்த மட்டைகளுக்கு அடியில் கையை விட்டேன். சுருக்கென்றது. எண்ணெய்ப்பனை மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக முள் இருக்கும். அது குத்தாத நாளே கிடையாது. உதறிவிட்டு இன்னொரு கை பழம் அள்ளிச் சாக்கில் போட்டேன்.

கை எரியத் தொடங்கியது. முள் குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் வந்து நிற்கும். இது நிற்கவில்லை. துடைத்துப் பார்த்தால் நடுவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். அப்போதுதான் மட்டைக்குள்ளிருந்து குக்கர் ஆவி விடுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டது.

நான் கத்தவில்லை. "இங்க வாங்க," என்றேன். குரலில் என்ன இருந்ததோ, அவர் ஓடி வந்தார்.

வெட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்தார். "விரியன் அண்ணாச்சி. இறுக்கிக் கட்டுங்க, விசம் ஏறிரும்."

"கட்டாத. கட்டினா கை செத்துரும்," என்றார் என் கணவர். என்னிடம், "நடக்காத, கைய ஆட்டாத," என்று சொல்லி அப்படியே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். பாரத்தை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. குலைகளோடேயே வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறியது.

டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் நான். மணிக்கட்டு வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் பதிய ஆரம்பித்தன. அவர் கழற்றிப் பார்த்தார். வரவில்லை.

"தம்பி, ஸ்பேனர் இருக்கா?"

எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்க. நீங்க கையால ஒடைக்காதீங்க. இன்னைக்குப் போய்," என்றேன்.

"கை வேணுமா, வளையல் வேணுமா?"

என் மணிக்கட்டைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தார். ஆறும் உடைகிற வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷத்தைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் எனக்கு உயிர் போனது. டிரைவர் ஹாரனை அழுத்தியபடியே போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் நிறுத்தினார். "யாரும் தொடாதீங்க. இருபது நிமிஷத்துல உறைஞ்சிட்டா நல்லது," என்றார். அத்தனை பேர் போய்வருகிற இடத்தில் நானும் என் கணவரும் அந்தக் குழாயை மட்டும் பார்த்திருந்தோம். டாக்டர் வந்து சாய்த்தார். ரத்தம் கட்டியாக அப்படியே நின்றது.

என் கணவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பயமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் மட்டும், "மறுபடி பாக்கணும்," என்றார்.

மத்தியானத்துக்குள் வீக்கம் முழங்கையைத் தாண்டியது. வாயில் உப்புக் கரித்தது. முந்தானையில் துப்பினேன், சிவப்பாக இருந்தது. அவரிடம் காட்டாமல் மடித்துக்கொண்டேன். ஆனால் பார்த்துவிட்டார். இரண்டாவது குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது.

உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். பாதியில் அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் உடம்பு முழுக்கத் தடித்து, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம் கண்டது. நிறுத்தி, ஊசி போட்டு, மறுபடி ஏற்றினார்கள். இடையில் அவர் குரல் மட்டும் கேட்டது: "ஏட்டி, முழிச்சிருக்கியா? முழிச்சிக்கோ." அதட்டுகிற குரல்தான். ஆனால் உடைந்திருந்தது.

அடுத்து எடுத்த ரத்தம் உறைந்தது. அதற்கடுத்ததும்.

வார்டில் எழுந்து உட்கார முடிந்த அன்று அவர் கேட்டார். "மரத்தையெல்லாம் எடுத்துருவமா?"

இத்தனை வருடம் நான் கேட்க நினைத்தது அது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு, தண்டு பருக்கட்டும் என்று முதல் மூன்று வருடம் அவர் அறுத்துப் போட்ட பாளைகள்தான் நினைவுக்கு வந்தன.

"எடுக்க வேணாம். மரத்தடியில மட்டையப் போடாதீங்க. அம்புட்டுதான்."

அவரும் வெட்டுக்காரரும் எல்லா மட்டைகளையும் இழுத்து, இரண்டு மர வரிசைக்கு ஒரு குவியலாக நடுவில் சேர்த்தார்கள். மரத்தடிகள் வெறும் மண்ணாகின. இப்போது அவர் முள்வாரியால் பழத்தை வெளியே இழுத்துத் தருகிறார், நான் கையுறை போட்டு அள்ளுகிறேன். நடுவிரல் முழுதாக மடங்காது. ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் செத்த நேரம் நின்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் குனிகிறேன். அதுவரை அவர் என்னை அவசரப்படுத்துவதில்லை.