மணி அடிக்கும் கம்ப்யூட்டர்

உதயசூரியனுக்கு ஜாதகம் கிடையாது. அவருடைய அப்பா பெரியண்ணன் பழைய கட்சிக்காரர். ராகு காலத்தில் தாலி கட்டி, எமகண்டத்தில் பால் காய்ச்சிக் குடிபோனவர். மகன் பிறந்தபோது நர்சம்மா நேரத்தைச் சொல்ல வாயெடுத்ததும், "அது எதுக்கும்மா நமக்கு" என்று கையமர்த்திவிட்டாராம். அப்படிப்பட்ட மனிதரின் ஒரே பிள்ளை, ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டு இருபத்து மூன்று வருஷம் ஓட்டினார். அதைப் பற்றிப் பெரியண்ணன் சாகும்வரை சொல்லிவந்ததை அச்சில் ஏற்ற முடியாது.

உள்ளதைச் சொன்னால் உதயசூரியனுக்கும் ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. அவர் நம்பியது கம்ப்யூட்டரை. அதுவும் எல்லாக் கம்ப்யூட்டரையும் அல்ல. 2002-இல் திருச்சியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்த ஒன்றை. அதற்குள் இருந்த விண்டோஸ் 98-ஐ. ஊர் உலகமெல்லாம் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. புதுக்கோட்டையில் பிரவுசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடியபோதெல்லாம் துக்கம் விசாரிக்கப் போகிறவரைப்போலப் போய், பழைய கீபோர்டும் மதர்போர்டும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பிரிண்டருக்கு ரிப்பன் கிடைக்காமல் போனபோது ஸ்டாம்ப் பேடு மையை ஊற்றி ஓட்டினார்.

ஓட்டினார் என்பது சரியில்லை, சீராட்டினார். இடதுமூலையில் 'ஸ்டார்ட்' என்று இருந்த பொத்தானை எப்படியோ உள்ளே புகுந்து மாற்றினார். ஐந்து ஆங்கில எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை. மூன்று நாள் யோசித்து, ஐந்தே ஆங்கில எழுத்தில் 'வாங்க' என்று போட்டார். திரையில் சித்தன்னவாசல் தாமரைக் குளம், அவரே எடுத்த போட்டோ. அணைக்கும்போது வருகிற ஆங்கில வாசகத்தை அழித்துவிட்டு, 'இனி நீங்களும் வீட்டுக்குப் போகலாம்' என்று எழுதினார். வீடு கடைக்குப் பின்கட்டில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

இதில் அவர் செய்த பெரிய மாற்றம் சத்தத்தில். ஏதாவது தவறாகத் தட்டிவிட்டால் கம்ப்யூட்டர் 'டொங்' என்று ஒரு சத்தம் போடும். ஜாதகம் போடுகிற இடத்தில் அது அபசகுனமாக இருக்கிறது என்று ஆட்கள் முகம் சுளித்தார்கள். உதயசூரியன் ஐயனார் கோயிலுக்குப் போய், டேப்ரெக்கார்டரில் மணிச் சத்தத்தைப் பிடித்து வந்து, 'டொங்' இருந்த இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் தடுமாறும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்கட்டில் அடுப்படியில் நின்ற அவர் மனைவி அமராவதியும் கரண்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அது பிழைச் சத்தம் என்று உதயசூரியன் யாரிடமும் சொல்லவில்லை. கும்பிடுகிற கையைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. வியாபாரத்துக்கும் அது நல்லதாக இருந்தது.

சரி, ஏன் புதிதாக ஒன்று வாங்கவில்லை? அங்கேதான் சூட்சுமம். ஜாதக சாப்ட்வேரை விற்ற திருச்சி ஆள் அவ்வப்போது வந்து ஒரு நம்பரைத் தட்டிப் புதுப்பித்துக் கொடுப்பார். கடைசியாகக் கொடுத்த நம்பருக்கு 2004 டிசம்பர் 31 வரைதான் கெடு. அதன்பிறகு அந்த ஆளைக் காணோம். தேடிப் போனால் அவர் இருந்த இடத்தில் செருப்புக்கடை இருந்தது. கெடு தாண்டித் திறந்தால் அந்தச் சாப்ட்வேர் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பிறகு தலைகீழாக நின்றாலும் திறக்காது. அறந்தாங்கியில் ஒருவர் அப்படிப் பறிகொடுத்துவிட்டு இப்போது கரும்புச் சாறு பிழிகிறார்.

ஆகவே உதயசூரியன் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரின் தேதியை 2004 டிசம்பர் 1 என்று திருப்பி வைப்பார். அப்புறந்தான் டீ. இருபது வருஷமாக அந்த மேசையில் தினமும் அதே டிசம்பர் ஒன்றாம் தேதிதான். அங்கே சுனாமி வரவில்லை. கொரோனா வரவில்லை. அவருடைய மகள் கலைமதி பிறக்கவும் இல்லை.

கலைமதி 2005 மாசியில் பிறந்தவள்.

தேதி பின்தங்கியதில் சின்னச் சின்னச் சங்கடங்கள் வந்தன. ஜாதகத்தின் ஏழாம் பக்கம் நடப்புப் பலன். கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளைக்கு அது, 'ஜாதகருக்கு இவ்வாண்டு பால்பற்கள் விழும்' என்று பலன் சொல்லியது. உதயசூரியன் ஏழாம் பக்கத்தைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, "நடப்பப் பாத்தா மனசுதான் கெடும்ங்க" என்றார். பயமுறுத்திப் பரிகாரத்துக்குப் பணம் பிடுங்காதவர் என்று பெயர் கிடைத்தது. கெடுவுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் தேதியைத் தட்டினால், 'பிறந்த தேதி தவறு' என்று ஆங்கிலத்தில் சொல்லி மணியடித்தது. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். முதலில், ஒரு வயது முடியாமல் ஜாதகம் எழுதக் கூடாது என்றார். பிறகு ஐந்து வயது என்றார். அப்புறம் பன்னிரண்டு. 2017 தாண்டியதும், "பதினெட்டு வயசுக்குள்ள பிள்ளைக்கு ஜாதகம் எழுதுனா ஆயுசு கொறையும்" என்று ஒரு போடு போட்டார். கொஞ்ச நாளில் மற்ற ஜோசியர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் ஒருவர் சுவடியிலேயே அப்படி இருப்பதாக விளக்கினார். உதயசூரியன் அதைப் பார்த்துச் சிரிக்கலாமா, பயப்படலாமா என்று தெரியாமல் டிவியை அணைத்தார்.

பதினெட்டும் தாண்டியது. 2025 ஆவணியில், மணமேல்குடியிலிருந்து கலைமதியைப் பெண் கேட்டு வந்தார்கள்.

வந்தவள் பையனின் அம்மா செல்வராணி. கடலோரத்தில் தென்னந்தோப்பு, பெரிய குடும்பம். பையன் வெற்றிசெல்வன் சிங்கப்பூரில் துறைமுகத்தில் வேலை பார்த்தான். அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்தில் கலைமதியும் அவனும் பார்த்துப் பேசி, தங்களுக்குள் முடிவெடுத்தாகிவிட்டது. பெற்றவர்களுக்குச் சடங்கு மட்டுமே பாக்கி. உதயசூரியனுக்கும் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. மகள் போனில் பேசும்போது முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் கடையிலிருந்தே பார்த்திருக்கிறார். பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று, நம்பாத கடவுளையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை கூப்பிட்டும் பார்த்துவிட்டார்.

ஆனால் செல்வராணிக்கு மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் உதயசூரியன் கடை ஜாதகத்தில் பொருத்தம் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தாள். மூன்றும் நன்றாக இருந்தன. அவள் நேராகக் கடைக்கே வந்து, கம்ப்யூட்டர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, பிள்ள ஜாதகத்த எடுங்க. பையனோடத கையிலயே கொண்டாந்துருக்கேன், நீங்க போட்டதுதான்."

"சொந்தப் பொண்ணுக்கு அப்பன் ஜாதகம் போடக் கூடாதும்பாங்க, தங்கச்சி" என்றார் உதயசூரியன். அந்தச் சாஸ்திரம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது.

"அப்ப வேற யாருட்டயாச்சும் போடலாம்ல" என்று அமராவதி காப்பியோடு வந்து, தெரியாமல் ஒரு வழி காட்டினாள். "இப்பத்தான் செல்போன்லயே வருதே."

"செல்போன்லயா?" செல்வராணி பதறிப்போனாள். "அதுல ராகு கேதுகூடச் சரியா உக்காராதுன்னு அண்ணன்தானே மூணு கல்யாணத்துக்கும் சொன்னாக? நீங்க போட வேணாண்ணே. பொட்டி போடட்டும். எதத் தட்டணும்னு சொல்லுங்க, நான் தட்டுறேன்."

தப்ப இடமில்லை. பேர் தட்டினார்கள். ஊர் தட்டினார்கள். செல்வராணி ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக நாள், மாதம், வருஷம் அழுத்தினாள். மணி அடித்தது.

"ஆத்தா, மணி அடிச்சுருச்சு!" அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அமராவதி கண்ணை மூடிக் கும்பிட்டாள். கலைமதி மட்டும் நிலைப்படியில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேப்பர் வரவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி மணி. மூன்றாவது தடவை மணி அடித்தபோது செல்வராணி கும்பிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள், பிறகு பெண்ணைப் பார்த்தாள்.

"என்னண்ணே இது? ஊருக்கெல்லாம் போட்ட பொட்டி. இந்தப் பிள்ளைக்கு மட்டும் போட மாட்டேங்குதே." அவள் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. "நான் பொறவு வாரேன். வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பொறவு வாரேன் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கலைமதி அப்பா பக்கத்தில் வந்து, காதோரம் சொன்னாள்: "தேதிய மாத்துங்கப்பா."

வீட்டில் அந்த ரகசியம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாலாவது படிக்கும்போதே மேசையோரம் உட்கார்ந்து, "இன்னிக்குத் தேதி தப்பா இருக்குப்பா" என்று கண்டுபிடித்தவள். மாற்றினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். சாப்ட்வேர் திறக்கும்போதுதான் கெடுவைச் சரிபார்க்கும். திறந்த பிறகு தேதியை மாற்றினால் ஒன்றும் சொல்லாமல் வேலை செய்யும். ஆனால் உண்மைத் தேதியைக் கண்ணால் பார்த்துவிட்டதே, அதை மறக்காது. ஒரு தடவை மூடினால் போச்சு. அப்புறம் அதற்கு விடிவே கிடையாது.

உதயசூரியன் மகளைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார். தாமரைக் குளத்தைப் பார்த்தார், மூலையில் 'வாங்க' என்று இருந்ததைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் பிறகு பலநாள் வெட்கப்பட்டார்.

"செத்த இருங்க, தங்கச்சி. கடியாரம் பிந்திக் கெடக்கு. அதான் மக்கர் பண்ணுது."

"எம்புட்டுப் பிந்தி?"

"கொஞ்சந்தான்" என்றார். இருபது வருஷமும் ஒன்பது மாதமும்.

வருஷத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அம்புக்குறியை அழுத்தினார். ஓர் அழுத்தலுக்கு ஒரு வருஷம். 2005 வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது. கலைமதி அந்த மேசையில் அப்போதுதான் பிறந்தாள். பிறகு அவர் நிறுத்தவில்லை. இருபத்தொன்றாவது அழுத்தலில் 2025 வந்து நின்றது; மாதத்தையும் நாளையும் சரிசெய்தார். செல்வராணியையே மறுபடி தட்டச் சொன்னார். மணி அடிக்கவில்லை. பிரிண்டர் கரகரவென்று இழுத்து, பன்னிரண்டு பக்கத்தையும் துப்பியது. பையன் ஜாதகத்தோடு சேர்த்துப் பார்த்ததில் பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

"மூணு தடவ மணியடிச்சுச் சோதிச்சுட்டுல்ல குடுத்துருக்கு!" செல்வராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "வா ஆத்தா இங்கிட்டு" என்று கலைமதியைக் கட்டிக்கொண்டு, அங்கேயே பூ வைத்துவிட்டாள்.

நீண்டகாலம் யாருக்கும் கொடுக்காத ஏழாம் பக்கம், தேதி சரியானதால் இப்போது நடப்பு வருஷத்துக்கே பலன் சொல்லியது. 'இவ்வாண்டு ஜாதகியின் தகப்பனாருக்குத் தொழில் முடக்கம்' என்றது. எல்லாப் பெண்ணுக்கும் இப்படி எதையாவது சொல்லும் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மூடினால்தானே போகும்? அவர் மூடவில்லை. ஒன்பது நாள் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருந்தார். இருபது வருஷத்தில் முதன்முறையாக அது அன்றன்றைய தேதியில் இருந்தது. செல்வராணி சொல்லிச் சொல்லி மணமேல்குடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2005, 2006, 2007 என்று எல்லாப் பிள்ளைக்கும் ஜாதகம் போட்டார். வந்தவர்களுக்கு ஒரே குறை, தங்களுக்கு மணி அடிக்கவில்லையே என்று.

பத்தாம் நாள் சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்தடை என்று முந்தின நாளே பேப்பரில் வந்திருந்தது. உதயசூரியன் படித்தார், ஒன்றும் செய்வதற்கில்லை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் பன்னிரண்டு நிமிஷம் கத்திவிட்டு ஓய்ந்தது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டார். பழக்கதோஷத்தில் தேதியை 2004 டிசம்பர் 1 என்று திருப்பி வைத்தார். சாப்ட்வேரைத் திறந்தார். கெடு முடிந்தது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. மணி அடித்தது.

பின்கட்டில் அமராவதி கல்யாணப் பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கேட்டீங்களா? இப்பத்தான் மொதப் பத்திரிகைய எடுத்தேன், மணி அடிக்குது!" அவள் மஞ்சள் கையோடு கும்பிட்டாள். "ஐயனாரு கேட்டுட்டாருங்க. பிள்ள நல்லாருப்பா."

உதயசூரியன் சட்டைப்பையில் இருந்த ஏழாம் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷமாகச் சொல்லாததை அன்றைக்கும் சொல்லவில்லை.

"ஆமா" என்றார். "நல்லாருப்பா."

பிறகு, அவள் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று, மறுபடியும் திறந்தார்.