சேலை வேலிக்குள் ஒரு மிளாக்குட்டி

சுடலைவடிவு என்னைப் பார்த்துச் சத்தம் போட்டது ஒரே ஒரு தடவைதான். பாளையங்கோட்டையில் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து, ஊர்ப்பட்ட பேரிடம் ஏச்சு வாங்கியவன் நான். ஆனாலும் சொந்த வயலில், வேலைக்கு வந்தவளிடம் ஏச்சு வாங்குவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் விவசாயி ஆகிற கிறுக்குப் பிடித்து, களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் ஏத்தன் வாழை போட்டேன். அப்போது வேலைக்கு வந்தவள் வடிவு. ஐம்பது வயதிருக்கும். புருஷன் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். காலையில் வயல் வேலை, அதன் பிறகு ஆடு மேய்ப்பு. இருபத்திரண்டு ஆடுகளுக்கும் தன்னோடு சண்டை போட்ட சொந்தக்காரர்களின் உறவுமுறையைப் பெயராக வைத்திருக்கிறாள். "ஏளா நாத்துனா, அங்கன என்ன களவாங்குத?" என்று அவள் கத்தினால் நிஜ நாத்தனார் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும்.

தாய் ஒதுக்கிய குட்டியை இன்னொரு ஆட்டோடு சேர்ப்பதில் அவள் பெரிய கைகாரி. அந்த ஆட்டின் பாலையே கறந்து குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவிவிடுவாள். ஆடு மோந்து பார்க்கும், தன் வாசனைதான் என்று நம்பி மடி கொடுத்துவிடும். கைராசிக்காரி என்று பக்கத்து ஊர்க்காரர்களும் குட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

போன தை மாதம் ஒரு ராத்திரி, பன்றி இறங்கி நாற்பது வாழைக்கன்றைக் கிண்டிப் போட்டுவிட்டது. இதற்கு எங்கள் பக்கத்தில் வைத்தியம், வயலைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய சேலைகளைக் கட்டிவிடுவது. காற்றில் சேலை ஆடினால் ஆள் நிற்கிறதென்று நினைத்துப் பன்றி அண்டாது. என் மனைவி சாலோமி சபைப் பெண்களிடம் கேட்டு ஒரு மூட்டை சேலை சேர்த்து வைத்திருந்தாள். விடியும்போதே வடிவு கட்ட ஆரம்பித்து, ஒன்பது மணிக்கு நாலு பக்கமும் முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். வாழைக்கு ஊடே போட்டிருந்த உளுந்துக்குள் ஒரு மிளாக்குட்டி கிடந்தது. மிளா மானில் பெரிய இனம், ஒரு பசுமாட்டு உயரம் நிற்கும். இது பிறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். கழுத்தைத் தரையோடு நீட்டி, கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. நான் பக்கத்தில் போயும் எழும்பவில்லை. ஐயோ பாவம், சாகக் கிடக்கிறதே என்று குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

"தொடாதிய!"

அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். வடிவு வரப்பிலிருந்து ஓடி வந்து எனக்கும் குட்டிக்கும் நடுவில் நின்றாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். "ஏன், என் வயல்ல நான் தொடக் கூடாதா?" என்றேன்.

"கூடாது அண்ணாச்சி. பைய பின்னால வாங்க. மூக்கு ஈரமா இருக்கு, ஈ மொய்க்கல, ரத்தக்காயம் ஒண்ணும் இல்ல. அம்மை படுக்கச் சொல்லிட்டு மேயப் போயிருக்கா. அந்திக்கு வந்து பால் குடுப்பா."

"வராட்டி?"

வனக் காவலர் மணிராஜுக்குப் போன் போட்டேன். அவர் மேலே யானை இறங்கிய தோப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, தொடவே செய்யாதீய. தள்ளிப் போய் இருந்து பாருங்க. இருட்டுற வரைக்கும் தாய் வரலன்னா நான் வந்து எடுக்கேன்" என்றார். வடிவு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

பம்புசெட் நிழலில் போய் உட்கார்ந்தோம். அதற்குள் சாலோமி விஷயம் கேட்டு, பேத்தியின் பால் புட்டியில் பாலை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "பச்சைப் பிள்ளைய பட்டினி போட்டுட்டு இப்படி உக்காந்திருக்கீங்களே, நல்லாருக்கா?" என்று உளுந்துக்குள் இறங்கப் போனவளின் கையை வடிவு பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுட்டுப் பொறவு போங்க. ஆறு வருசத்துக்கு முன்னால ஓடைக்கரையில இதே மாதிரி ஒரு மிளாக்குட்டிய நான் தூக்குனேன். யாருமில்லாத பிள்ளைன்னு நெனச்சேன். மதினின்னு ஒரு ஆடு, அது பாலைத் தடவி, அது மடியிலயே விட்டேன். அதுவும் சேத்துக்கிட்டு. எனக்கு ஒரே பெருமை. அன்னைக்கு அந்தியில ஓடைக்கரையில அம்மை வந்து கூப்பிட்டா. மறுநாளும் கூப்பிட்டா. மூணாம் நாளும். நான் தொழுவத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். கொண்டு விட்டா நாய் தின்னுருமோன்னு பயந்து விடல. ஆட்டுப்பால் ஒத்துக்காம கழிச்சல் எடுத்து நாலாம் நாள் செத்துப் போச்சு." மூச்சு வாங்கினாள். "அதுக்குப் பொறவும் ரெண்டு நாள் வந்து கூப்பிட்டா அக்கா. எந்தப் பிள்ளைய கூப்பிடுதா? நான்தான் புதைச்சிட்டேனே."

சாலோமி புட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றைய பகல் நகரவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தன. வடிவு கல்லை எடுத்துக்கொண்டு ஓடி, ஓடை தாண்டும் வரை அவற்றை விரட்டிவிட்டு வந்தாள். மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. மூன்று மணிக்குக் குட்டி எழுந்தது. நாலு காலும் நடுங்க நின்று, மெலிசாகக் கத்தியது. பிறகு கால் மடங்கி விழுந்தாற்போலப் படுத்தது. சாலோமி அழ ஆரம்பித்துவிட்டாள். "அது செத்தா உன் தலையிலதான் வடிவு" என்றேன். இப்போது நினைத்தால் என் நாக்கை அறுக்க வேண்டும்போல் இருக்கிறது. அவள், "ஆமா அண்ணாச்சி, என் தலையிலதான்" என்றாள்.

ஐந்தரை மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. தாய் மிளா. சாலோமி என் கையை இறுகப் பிடித்தாள். மிளா காதைத் திருப்பித் திருப்பி ஓடை இறங்கி, வயலுக்கு இருபதடி தூரத்தில் வந்து நின்றது. அப்போது காற்றில் ஒரு சிவப்புச் சேலை படபடவென்று அடித்தது. மிளா முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டியது. திரும்பி ஓடைக்குள் போய்விட்டது.

மறுபடியும் வந்தது. சேலை ஆடியது. மறுபடியும் போய்விட்டது.

வடிவு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணாச்சி, காலையில நான்தான கட்டுனேன். உள்ள பிள்ள கெடக்கது தெரியாம, சுத்திக் கட்டிப்புட்டேனே! அவ எப்படி வருவா?" எழுந்துவிட்டாள். "ஓடைப் பக்கம் மூணு சேலைய அவுக்கேன்."

அதற்கும் நான் சண்டை போட்டேன், வெட்கமாக இருக்கிறது. "ஓடைப் பக்கம்தானே பன்னி வருது? நாற்பது கன்னு போனது பத்தாதா?"

"நானே திரும்பக் கட்டித் தாரேன். இருட்டுனாலும் கட்டித் தாரேன்."

அந்த நேரம் உளுந்துக்குள்ளிருந்து குட்டி கத்தியது. ஓடைக்குள்ளிருந்து அடித்தொண்டையில் ஒரு குரல் அதற்குப் பதில் சொன்னது. வடிவின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு வருஷமாக அவள் காதில் கிடந்த குரல் அதுதான் என்று எனக்கு விளங்கியது. "போ, அவுத்து விடு" என்றேன்.

வரப்பு மேல் நடந்தால் மிளா ஓடிவிடும். அவள் வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் குனிந்து தவழ்ந்து போனாள். போன அவசரத்தில் அரிவாளை எடுக்கவில்லை. காலையில் பனி ஈரத்தோடு இறுக்கிப் போட்ட முடிச்சு, வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. அவள் பல்லால் கடித்து இழுப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஒரு சேலை விழுந்தது. இரண்டாவது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது விழவும் ஓடையில் புதர் அசையவும் சரியாக இருந்தது. திரும்பி வர நேரமில்லை. வடிவு அப்படியே வாய்க்கால் கரையில் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்துவிட்டாள்.

மிளா வந்தது. நின்றது. கீழே கிடந்த சேலையை மோந்தது. வடிவுக்கும் மிளாவுக்கும் நடுவில் ஆறடி கூட இல்லை. பிறகு அது சேலையைத் தாண்டி உள்ளே வந்தது. குட்டி துள்ளி எழுந்து மடியில் முட்டியது, வால் படபடவென்று ஆடியது. சாலோமி, "இயேசப்பா, இயேசப்பா" என்று முணுமுணுத்தாள். குடித்து முடிக்கும் வரை தாய் தலையைத் தூக்கியபடி நின்றது. பிறகு இரண்டும் சேலையைத் தாண்டி ஓடைக்குள் இறங்கிப் போயின.

நான் போனபோது வடிவு அப்படியே கிடந்தாள். "எந்திரி, போயாச்சு."

"பிள்ளையும் போச்சா?"

"நீ பாக்கலையா?"

"தலையத் தூக்குனா மெரண்டுருவாளேன்னு பாக்கல." முகமெல்லாம் சேறு. எழுந்து நின்று, இரண்டு சேலைகளை மறுபடி கட்டினாள். மூன்றாவதை நான்தான் கட்டினேன்.

இப்போதெல்லாம் யார் வயலுக்குச் சேலை கட்டப் போனாலும், முதலில் வாழை ஊடே ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுகிறாள். நேரம் ஆகிறதென்று யாராவது சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

மிளா வந்து போனதற்கு மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. தூங்கவில்லையா என்று கேட்டேன்.

"விடிய விடிய ஓடைப் பக்கமே காதை வச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தியும் கூப்பிடல அண்ணாச்சி" என்றாள்.