மூச்சு விட்ட சாக்கு

பள்ளிக்கூடத்தையே முடிக்காமல் பிளசன்டன் நகரில் மூன்று உணவகம் கட்டியவன் நான். இன்று ஈரச் சாக்கின் வாடை பட்டதும், பின்னாளில் மலை சரிந்து மூடிய அந்தப் பாறைக் கடற்கரை எண்பதுகளிலிருந்து எழுந்து வந்துவிட்டது. குரங்கு முகமும் முதுகெல்லாம் முள்ளுமாக, விலாங்குபோல் நீண்ட மீனை அப்பா பொந்திலிருந்து இழுத்து, செத்துவிட்டதென்று சாக்கில் சுற்றி, கார் டிக்கியில் போட்டுவிட்டுத் தவக்கால வெள்ளிப் பூசைக்கு எங்களைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். பூசை முடிந்து திறந்தால், தண்ணீரே இல்லாமல் அது வாயைத் திறந்து மூடி எங்களையே பார்த்தது.

“ஏங்க, மூச்சு விடுதுங்க! இத நான் சமைக்கமாட்டேன்,” என்றாள் அம்மா.

அண்ணன் பயந்து முன்சீட்டுக்கு ஓடினான். குழந்தையின் நெஞ்சுபோல் ஏறியிறங்கிய சாக்கைக் கடற்கரைக்குத் திரும்பிய வழியெல்லாம் மடியில் வைத்திருந்து, மீனை அதே பொந்தில் விட்டவன் நான். விருந்துகளில் அண்ணன் தானே அதை விட்டதாகச் சொல்கிறான். இருட்டுக்குள்ளிருந்து அது கடைசியாகப் பார்த்தது என்னைத்தான். இனி அண்ணன் அந்தக் கதையில் என் பெயரைச் சொல்லட்டும்.